ஆபரேஷன் தேதி வரைக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டேன்

இதை எழுதுவதை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுத உட்கார்ந்தால் செத்துப்போன குட்டிகளைத் திரும்ப நினைக்க வேண்டியிருக்குமே என்பதுதான் காரணம். போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி, "அக்கா, சிவாஜிநகர்ல ரெண்டு முயல் குட்டி வாங்கிட்டேன், ஒண்ணு ஆண் ஒண்ணு பெண், அஞ்சு மாசம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுவேன், அதுவரைக்கும் ஒண்ணாவே இருக்கட்டும்" என்று சொன்னான். இதே வார்த்தையை 2023 செப்டம்பரில் நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்னை யாரும் தடுக்கவில்லை. அவனிடம் கேன்டீனில் அரைமணி நேரம் நின்று சொன்னதை எல்லாம் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர். வேலை பெங்களூரில், முருகேஷ்பாளையாவில் ஒரு படுக்கையறை வாடகை வீடு. வீட்டுக்காரர், என் கணவர்தான், மஸ்கட்டில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. நாய் வளர்க்க ஓனர் விடமாட்டார். அப்படித்தான் 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய் இரண்டு முயல் குட்டிகளை வாங்கி வந்தேன், ஜோடி 700 ரூபாய். வெள்ளைக்குப் பொரி, கறுப்புக்கு எள்ளு என்று பெயர் வைத்தேன். கடைக்காரர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் பொண்ணுதாம்மா, ஒரே வயித்துக் குட்டி, சண்டையே போடாது" என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் இருக்கிற முயலில் ஆண் பெண் பார்ப்பது பழகிய கைக்கே தவறும். வாலுக்கு அடியில் மெதுவாக அழுத்தினால் ஆணுக்கு வட்டமாகக் குழாய் மாதிரி வெளியே வரும், பெண்ணுக்கு நீளவாட்டில் பிளவு மாதிரித் தெரியும், ஆனால் சின்னக் குட்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆணுக்கு விதைப்பை இறங்கவே 10, 12 வாரம் ஆகிவிடும். அதனால் கடையில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, 10 வாரம் ஆனதும் முயல் பார்க்கிற டாக்டரிடம் ஒருமுறை தூக்கிக்கொண்டு போய் எது ஆண் எது பெண் என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு ஃபீஸைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

முதல் இரண்டு மாதம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். நான் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்தால் இரண்டும் என் காலடியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்துக்கொள்ளும். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே ஓடிவரும். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் பூக்காரம்மாவிடம் கரிகே, நம்ம அருகம்புல்தான், கட்டுக்கட்டாக வாங்கிப் போட்டேன். அந்த வாரத்தில்தான் எள்ளு மாறினான். என் பாதத்தைச் சுற்றிச்சுற்றி ஓடுவான், தொண்டைக்குள் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் போடுவான். திடீரென்று குதித்து மூத்திரத்தைப் பீய்ச்சுவான், அதுவரைக்கும் வாடையே இல்லாத வீட்டில் மூக்கைப் பிடிக்கிற வாடை. பொரியின் மேல் ஏறுவான். விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஏதோ சந்தேகம் வந்து பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினால், கறுப்பு ஆண் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட நாலு மாதக் குட்டிகள், அஞ்சு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்று அக்டோபர் 28, சனிக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். அதுவரைக்கும் தனித்தனியாக வைக்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி பொரியைக் கூண்டிலும் எள்ளுவை ஹாலிலும் விட்டேன். விடிய விடியக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தான். மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்தவை, அஞ்சு வாரம்தானே, பகலில் நான் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருக்கிறேன், ஏறினால் விலக்கிவிடலாம் என்று ராத்திரி மட்டும் பிரித்து, பகலில் ஒன்றாக விட ஆரம்பித்தேன். நான் செய்த முதல் பெரிய தப்பு அது. முயலுக்கு அண்ணன் தங்கை என்கிற கணக்கே கிடையாது. நாய்க்கு, மாட்டுக்கு இருக்கிற மாதிரி பருவ நாள், பருவமில்லாத நாள் என்றும் கிடையாது, ஆண் சேர்ந்த பிறகுதான் பெண்ணுக்குக் கருமுட்டையே வெளியாகும், சேர்ந்து 10, 12 மணி நேரத்தில். அதனால் இன்றைக்கு விட்டால் பயமில்லை என்று சொல்லக்கூடிய நாளே கிடையாது. சேருவதும் சில விநாடிதான், ஆண் சின்னதாக ஒரு முனகலோடு பக்கவாட்டில் விழுவான், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. காப்பி போட அடுப்படிக்குப் போய்வருகிற நேரம்கூடத் தேவையில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால் ஒன்றும் தடுக்கப்படவில்லை. எள்ளு அப்படி விழுந்ததை ஒருமுறை நானே என் கண்ணால் பார்த்தேன், கால் வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "கிடாக்குட்டியை நாங்க மூணு மாசத்துலயே தாய்கிட்டருந்து பிரிச்சிருவோம்ல, இல்லாட்டா தாயின்னும் தங்கச்சின்னும் பாக்காதுடி" என்றாள். அம்மா சின்ன வயதில் ஆடு மேய்த்தவள். அது ஆடு, இது முயல் என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஏறினதைப் பார்த்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்திருந்தால் வழி இருந்தது என்று பின்னால் தெரிந்தது. 10 நாளிலிருந்து 14 நாளுக்குள் பழகிய டாக்டர் வயிற்றைத் தடவியே சினையா இல்லையா சொல்லிவிடுவார், அந்தக் கட்டத்தில் பெண்ணுக்கே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு இப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

அக்டோபர் நடுவில் பொரியின் குணம் மாறியது. கையை நீட்டினால் உறுமினாள். மூலையில் பரபரவென்று தோண்டினாள். 20ஆம் தேதி வாக்கில் வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் மீசை மாதிரி தொங்க, அங்கேயும் இங்கேயும் அலைந்தாள். அப்புறம் தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தாள். தோல் வியாதி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவப் போனேன், கடித்துவிட்டாள். புல்லைக் கவ்விக்கொண்டு அலைவதும் ரோமம் பிடுங்குவதும் குட்டி போடத் தயாராகிற அடையாளம், சில சமயம் பொய்ச்சினையிலும் இப்படிச் செய்யும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு அட்டைப்பெட்டியில் புல் நிரப்பி வைத்திருப்பேன். பெட்டி மட்டும் இருந்திருந்தால் அத்தனை குட்டிகளும் பிழைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அக்டோபர் 23, ஆயுதபூஜை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து விளக்கைப் போட்டால் கூண்டுத் தட்டிலும், கூண்டுக்கு வெளியே டைல்ஸ் தரையிலும் இளஞ்சிவப்பாக ஏதோ கிடக்கிறது. கம்பி இடைவெளியில் நழுவி வெளியே விழுந்திருக்கின்றன. மொத்தம் ஆறு. ரோமம் கிடையாது, கண் திறக்கவில்லை, என் சுண்டுவிரல் நீளம்தான். வெளியே விழுந்த மூன்றும் சில்லென்று இருந்தன. எனக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக் பண்டிகை விடுமுறை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, அங்கே மணி நாலு. கடைசியில் அம்மாதான் எடுத்தாள், "சூடு காட்டுடி, முதல்ல சூடு" என்றாள். சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, குட்டிகளை அதன்மேல் வைத்து, என் துப்பட்டாவுக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்துவிட்டது என்று நான் ஒதுக்கி வைக்க இருந்த ஒன்று, இருபது நிமிஷம் கழித்துக் காலை உதறியது. அந்த உதறல் இன்னமும் என் உள்ளங்கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. சில்லிட்ட முயல் குட்டியைச் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள், மெதுவாகச் சூடு ஏற்றிப் பார்த்த பிறகும் அசைவில்லை என்றால்தான் முடிவு. சூடு ஏறாமல் பாலும் கொடுக்கக்கூடாது.

நான்கு குட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் புல் போட்டு, பொரி பிடுங்கிப் போட்ட ரோமத்தை மேலே மூடி வைத்தேன். மனிதர் கைபட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது உண்மையில்லை, பொரி ஒதுக்கவில்லை. ஆனால் அவள் பெட்டிப் பக்கமே போகாமல் எதிர் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டதைப் பார்த்து, ஒதுக்கிவிட்டாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மதியம் வரை பார்த்தேன், சாயங்காலம் வரை பார்த்தேன், போகவில்லை. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இங்க் ஃபில்லரில் எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் விட்டேன். மறுநாளும் விட்டேன். இரண்டாவது நாள் ராத்திரி ஒரு குட்டிக்கு மூக்கு வழியாகப் பால் குமிழி வந்தது. மூச்சுக்குத் திணறி என் கையிலேயே போனது. நான் சூடு காட்டிப் பிழைக்க வைத்தேனே, அதேதான்.

முயல் தாய், பூனை நாய் மாதிரி குட்டிகளோடு படுத்திருக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, பெரும்பாலும் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ போய், சில நிமிஷம் நின்று பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். காட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் நடமாடினால் வேட்டை மிருகத்துக்கு இடம் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் அதன் உடம்பிலேயே அப்படி அமைந்திருக்கிறது. பால் கொடுத்தாளா என்று தெரிந்துகொள்ளத் தாயைப் பார்த்துப் பயனில்லை, குட்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். குடித்த குட்டிக்கு வயிறு பந்து மாதிரி உருண்டிருக்கும், தோல் வழியாக வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு உள்ளே ஒட்டித் தோல் சுருங்கியிருக்கும். அடுப்படித் தராசில் ஒரே நேரத்தில் தினமும் எடை போட்டுக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. கூடுகிற வரைக்கும் தொடாமல் விட்டுவிடுங்கள். நான் பாலைப் புகட்டிய அந்த இரண்டு நாளும் அவள் விடியற்காலையில் போய்க் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்டதைச் சொல்ல வார்த்தை இல்லை. உண்மையிலேயே தாய் இல்லாமல் போனால் பசும்பாலை நீங்களாக ஊற்றாமல் டாக்டரைக் கேட்டு, அவர் சொல்கிற பால் மாவை, குட்டியைக் குப்புற வைத்து, நக்கிக் குடிக்கிற வேகத்துக்குத் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும்.

26ஆம் தேதி, ஒருவழியாக முயல் பார்க்கிற ஒரு டாக்டரைத் தேடிப்பிடித்து, குட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பெங்களூரில் தெருவுக்கு ஒரு நாய் டாக்டர் இருக்கிறார், முயல் தெரிந்தவர்கள் குறைவு. அவர் எல்லாவற்றையும் கேட்டார், திட்டவில்லை. கடைசியில், "குட்டி போட்ட அன்னைக்குக் காலையில ஆண் எங்கம்மா இருந்துச்சு?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எள்ளு ஹாலில்தான் இருந்தான். நான் செத்த குட்டிகளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது கூண்டுக்கதவு திறந்தேதான் கிடந்தது. அவன் உள்ளே போய்ப் பொரியின் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து, அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும் என்று மனசு இளகி நானேதான் விட்டேன். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடியும் சினை பிடிக்கும் என்று அவர் சொன்னபோது அந்த ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. நவம்பர் 23ஆம் தேதி வாக்கில் அடுத்தது இருக்கலாம், தயாராக இருங்கள் என்றார். சினைக்காலம் 28லிருந்து 32 நாள், பெரும்பாலும் 31. இந்த முழு அனுபவத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: பெண் முயல் சினை என்று சந்தேகம் வந்த நொடியிலேயே ஆணை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், குட்டி போடுகிற நாளில் அவன் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது.

வேறு அறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் கூண்டு வைத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பெண் வாலைத் தூக்கிக்கொண்டு கம்பியோடு ஒட்டி நின்றால் நடுவில் கம்பி இருந்தும் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். ஒரே அறையில்தான் வைக்க முடியும் என்றால் இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு கை நீளமாவது இடைவெளி வேண்டும், வெளியே விடுகிற நேரம் ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை. நான் படுக்கையறையை எள்ளுவுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன், ஏழு மாதம்.

எள்ளுவின் ஆபரேஷனை இந்த டாக்டரிடமே நவம்பர் 4ஆம் தேதி செய்தேன், 4,500 ரூபாய். முதல்நாள் கிளினிக்கிலிருந்து போன் செய்த பெண், ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள் என்றாள். நாய் பூனைக்குச் சொல்லிப் பழகிய வாய். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி போடவே கூடாது, குடல் நின்றுவிடும். டாக்டரிடமே கேட்டுச் சரிபார்த்தேன், கடைசிவரை புல் கொடுக்கச் சொன்னார். நீங்கள் ஆபரேஷனுக்குப் போகும் முன் இதுவரை எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள், வலி மருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்களா, சாயங்காலம் சாப்பிடாவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவன் அன்று மாலையே கொத்தமல்லி தின்றான். ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இனி சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் உடம்புல விந்து மிச்சம் இருக்கும்மா" என்றார். அன்றைக்கு நான் வாய் திறந்து கேட்டதால் மூன்றாவது ஈற்றிலிருந்து தப்பித்தேன்.

நவம்பர் 12 தீபாவளி. வெடிச்சத்தத்துக்குச் சினையாக இருந்த பொரி, மூன்று குட்டிகளையும் விட்டுவிட்டு ஹால் மூலையில் பின்காலால் தரையைத் தட்டிக்கொண்டே கிடந்தாள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டு நானும் தரையிலேயே படுத்தேன். 23ஆம் தேதி, டாக்டர் சொன்ன அதே தேதி, விடியற்காலையில் ஐந்து குட்டிகள். இந்தத் தடவை நான்கு நாள் முன்னாடியே பெட்டி வைத்திருந்தேன், தாய் உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இடம், குட்டி ஊர்ந்து வெளியே வராத உயரம். அத்தனையும் பெட்டிக்குள்ளேயே போட்டாள், அத்தனையும் பிழைத்தன. ஆனால் அவள் உடம்பு உருகிப்போயிருந்தது. முதுகெலும்பைத் தடவினால் ஒவ்வொரு முடிச்சும் கையில் தட்டியது. குதிரைமசால் புல்லும் தீவனமும் அளவில்லாமல் வைக்கச் சொன்னார் டாக்டர். எட்டு வாரம் தாயோடு இருக்க வேண்டிய முதல் ஈற்றுக் குட்டிகளை ஒரு மாதத்திலேயே பிரிக்க வேண்டி வந்தது. அதில் ஒன்றுக்கு வயிறு போய், மூன்று ராத்திரி தூங்காமல் பார்த்தேன்.

பத்து முயல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தட்டு கழுவல், மூட்டையாகப் புழுக்கை. நான்கு மாதத்தில் ஒன்பது நாள் லீவு போட்டேன், அதில் மூன்று நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். ஓனரம்மா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "எஷ்டு மொலா இதாவம்மா?", எத்தனை முயல் இருக்கும்மா என்று கன்னடத்தில் கேட்டு, வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அழுதுவிட்டேன். அவர் நல்ல மனுஷி, சித்திரைக்குள் குறைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பன் பார்க்கில் கொண்டுபோய் விட்டுவிடு, புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னவர்கள் நாலைந்து பேர். வீட்டு முயல் நம் காட்டு முயல் இனமே இல்லை, அதன் பூர்வீகம் ஐரோப்பா. கூண்டில் பிறந்ததைப் பார்க்கில் விட்டால் நாய்க்கும் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாக்குவதுதான், ஒரு ராத்திரி தாங்காது. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

குட்டிகளையும் எட்டாவது வாரத்திலிருந்தே ஆண் எது பெண் எது என்று டாக்டரிடம் பார்த்துக்கொண்டு வந்து, 10 வாரத்துக்குள் தனித்தனியாக்கினேன். நாலு ஆண், நாலு பெண். மகன்களைத் தாயிடமிருந்தும் பிரித்தாக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், "ஜோடியாக் குடுங்க" என்றார்கள். கொடுத்திருந்தால் என் கதை நாலு வீட்டில் ஆரம்பித்திருக்கும். வீட்டுக்கு வந்து, இருந்து, பேசிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கவில்லை. இலவசம் என்றால் கறிக்கு வாங்க வருகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர் பாதி நான் பாதி என்று நாலு ஆண்களுக்கும் ஆபரேஷன் செய்து, ஆறு வாரம் கழித்துத்தான் மூன்று ஜோடியைச் சேர்த்து அனுப்பினேன். மீதி இரண்டும் தனித்தனியாகப் போயின. கடைசிக் குட்டி போனது 2024 ஏப்ரல் கடைசியில்.

பொரியின் ஆபரேஷன் பிப்ரவரி 10. இரண்டாவது ஈற்றுக்குப் பால் மறந்து, அவள் உடம்பு தேறக் காத்திருந்தோம். 8,500 ரூபாய். ஆண் செய்துகொண்டாயிற்றே, பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆபரேஷன் செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வருவது ரொம்ப அதிகம், அதற்காகவே செய்ய வேண்டும். ஆணைவிட இது பெரிய ஆபரேஷன். வீட்டுக்கு வந்தவள் ராத்திரி 11 மணி வரை எதையும் தொடவில்லை, ஒரு புழுக்கைகூட இல்லை. டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் கொடுத்திருந்த தீவன மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக மணிக்கொருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். விடியற்காலை நாலரைக்கு மிளகு அளவில் மூன்று புழுக்கை விழுந்தது. அதைப் பார்த்து நான் கும்பிட்டேன், உண்மையாகவே கும்பிட்டேன். முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் அது அவசரம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடாதீர்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முயல் 700, முதல் கூண்டு 1,900, இரண்டாவது கூண்டும் தடுப்புக் கம்பிகளும் 3,400, டாக்டர் ஃபீஸ் 3,000, எள்ளுவுக்கு 4,500, பொரிக்கு 8,500, ஆண் குட்டிகள் நாலுக்கும் என் பாதி 9,000, புல்லும் தீவனமும் 12,000, ஆட்டோ 2,500. மொத்தம் 45,500. இதில் இரண்டு ஆபரேஷனும் இரண்டாவது கூண்டும் எப்படியும் செய்திருக்க வேண்டியவைதான். இரண்டாவது கூண்டை மட்டும் செப்டம்பரிலேயே வாங்கியிருந்தால் கூண்டும் ஆபரேஷனும் சேர்ந்து இருபதாயிரத்துக்கு மேல் போயிருக்காது, அந்த மூன்று குட்டிகளும் பிறந்து செத்திருக்காது.

எள்ளுவையும் பொரியையும் மறுபடியும் சேர்த்தது மே மாதத்தில். அவள் காயம் ஆறி, உடம்பு அடங்கட்டும், வீட்டில் குட்டிகளும் இல்லாமல் இருக்கட்டும் என்று காத்திருந்தேன். ஏழு மாதம் பிரிந்ததில் ஒருவரையொருவர் மறந்தே போயிருந்தார்கள், முதல்நாள் ரோமம் பறக்கச் சண்டை. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்பதால் குளியலறையில் ஈரமில்லாமல் துடைத்து, துண்டு விரித்து, தினமும் பத்து நிமிஷம், அப்புறம் இருபது, அப்புறம் ஒரு மணி நேரம் என்று கூட்டினேன். சண்டை வந்தால் கையை நுழைக்காமல் நடுவில் ஒரு அட்டையைச் செருகினேன். ஐந்து வாரம் ஆனது. ஜூனில் ஒரு மழை நாளில் பொரி தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள், அவன் நெற்றியை நக்கினான்.

இப்போது இரண்டும் ஒரே கூண்டில்தான். இரண்டாவது கூண்டு மாடிப்படிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது, நாளை சாயங்காலம் அந்தத் தம்பி பைக்கில் வந்து எடுத்துக்கொண்டு போகிறான். அவன் குட்டிகளுக்கு இன்னும் 9 வாரம் ஆகவில்லை.